1658 இன்னெஸ்: ஜோகன்னஸ்பர்க்கில் கண்டெடுத்த சிறுகோள், அதன் பாதை, அந்தப் பெயருக்கு உரியவர்

மரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க் வானாய்வகத்தில் கண்டுபிடித்த சிறுகோள்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். 1658 இன்னெஸ் என்பதற்குக் கிடைத்த விவரம் இவ்வளவுதான்: 1953 ஜூலை 13, கண்டவர் யாக்கோபஸ் புரூவர், தற்காலிகப் பெயர் 1953 என்ஏ, அரைப் பெரு அச்சு (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) சுமார் 2.56 வானியல் அலகு (ஓர் அலகு என்பது சூரியன்-பூமி தூரம்), மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவு) 0.18, பூமியின் பாதைத் தளத்தோடு சாய்வு 9 பாகை. மூன்று கேள்விகள். இந்த எண்களை வைத்துப் பாதையை எப்படிப் புரிந்துகொள்வது? இன்னெஸ் யார்? 1663 வான் டென் போஸ் 1926இலேயே கண்டுபிடிக்கப்பட்டது, 1658 கிடைத்ததோ 1953இல். எண் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது?

டர்பனில் இருந்து 8 அங்குலத் தொலைநோக்கிக்கு இது எட்டுமா என்றும் யாராவது சொன்னால் நல்லது.

வரைதாள் எழுதியது:

பாதையை நான் எடுத்துக்கொள்கிறேன். நல்ல சிறுகோளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் தங்கச்சி, இதற்குக் கால்குலேட்டரே வேண்டாம். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, அரைப் பெரு அச்சை வானியல் அலகில் எடுத்து அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஆண்டுக்கணக்கு வரும். 2.56இன் வர்க்கமூலம் சரியாக 1.6. 2.56 × 1.6 = 4.096 ஆண்டு, அதாவது 1496 நாள். நான்கு வருஷமும் ஒரு மாதமும் கொஞ்சமும்.

அடுத்து மையப்பிறழ்ச்சி. சூரியனுக்கு மிக அருகில் வரும் தூரம் 2.56 × (1 − 0.18) = 2.10. மிக விலகும் தூரம் 2.56 × (1 + 0.18) = 3.02. செவ்வாய் சூரியனை விட்டு அதிகம் போனாலும் 1.67ஐத் தாண்டாது. ஆகவே இது செவ்வாயின் பாதையைக்கூடத் தொடுவதில்லை, பூமிக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

2.56 என்ற இடத்தைக் கவனியுங்கள். 2.50இல் சிறுகோள் வளையத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே இருக்கும் கல், வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் மூன்று சுற்று முடித்துவிடும். வியாழன் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப இழுப்பதால் அதன் மையப்பிறழ்ச்சி ஏறிக்கொண்டே போய், கடைசியில் கல் அந்த இடத்தை விட்டே வெளியேறிவிடும். இன்னெஸ் அந்த இடைவெளிக்குச் சற்று வெளிப்புறக் கரையில் இருக்கிறது. வியாழனின் 11.86 ஆண்டை 4.096ஆல் வகுத்தால் 2.90தான் வருகிறது, 3 வருவதில்லை. அந்தச் சின்ன வித்தியாசம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

வானில் அது எங்கே நிற்கும் என்று சொல்ல மொத்தம் ஆறு எண் வேண்டும். நீங்கள் கொடுத்தது மூன்று. மீதி மூன்று: ஏறுகணுவின் தீர்க்கரேகை, கணுவிலிருந்து அண்மைப்புள்ளி (சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம்) வரையிலான கோணம், குறித்த தேதியில் கோள் பாதையில் இருக்கும் இடம். கணு என்றால் குழம்ப வேண்டாம். பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று இருப்பவை சந்திரனுடைய பாதை சூரியப் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். அதேபோல ஒவ்வொரு சிறுகோளுக்கும் ஒரு ராகுவும் ஒரு கேதுவும் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஏறும் இடம் ஏறுகணு.

ஓர் எச்சரிக்கை: இந்த ஆறு எண்ணுக்கும் மேலே ஒரு தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்கு மட்டுமே அவை அச்சொட்டானவை. வியாழன் இழுப்பதால் எண்கள் மெல்ல மாறும். பழைய புத்தகத்து எண்ணை வைத்து இன்றைய இடத்தைக் கணித்துவிட்டு, தொலைநோக்கியில் காணோம் என்றால் குற்றம் தொலைநோக்கியுடையதல்ல.

தெற்குச்சிலுவை எழுதியது:

இன்னெஸைப் பற்றி எழுத இடம் கிடைத்ததே சந்தோஷம். ஜோகன்னஸ்பர்க்கில் அப்சர்வேட்டரி என்ற பேட்டை இருக்கிறதே, அந்தப் பெயர் வந்ததே அவர் நடத்திய வானாய்வகத்தால்தான். ஆனால் அந்தக் குன்றைக் கடந்து போகிற பலருக்கு அவர் யாரென்று தெரியாது.

ராபர்ட் இன்னெஸ் 1861இல் எடின்பரோவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதோடு பள்ளிப்படிப்பு நின்றது. கணிதமும் வானியலும் தானாகக் கற்றுக்கொண்டது. சிட்னிக்குப் போய் ஒயின் வியாபாரம் செய்தார், இரவில் இரட்டை விண்மீன் தேடினார். அந்தத் தேடலைப் பார்த்து, கேப் டவுன் அரச வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில் 1896இல் அவரை அழைத்துக்கொண்டார். 1903இல் ஜோகன்னஸ்பர்க்கில் டிரான்ஸ்வால் வானிலைத் துறையை நடத்த வந்தார். மழையும் காற்றும் அளக்க அமைத்த நிலையம் அது. அதை விண்மீன் பார்க்கும் இடமாக மாற்றியவர் அவர்தான். 1912இல் அது யூனியன் வானாய்வகம் ஆயிற்று, 1961இல் ரிபப்ளிக் வானாய்வகம், 1971இல் மூடப்பட்டது. கேப் டவுனைத் தலைமையிடமாகக் கொண்டு புதிதாக அமைந்த தேசிய வானாய்வகம், தொலைநோக்கிகளுக்கு சதர்லாண்ட் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தது.

அவர் கண்ட இரட்டை விண்மீன்கள் 1,600க்கு மேல். உலகம் அவரை நினைவு வைத்திருப்பது 1915க்காக. 1910இலும் 1915இலும் எடுத்த இரண்டு கண்ணாடித் தட்டுகளை பிளிங்க் மைக்ரோஸ்கோப்பில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆல்பா சென்டாரியிலிருந்து 2 பாகைக்குச் சற்று மேல் தள்ளி, 11ஆம் பொலிவெண் அளவில் (எண் கூடக் கூட மங்கல்) மங்கலான ஒரு விண்மீன் துள்ளியது. பிராக்சிமா சென்டாரி அதுதான். அதன் நகர்வு ஆண்டுக்கு 3.85 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு), ஐந்தாண்டில் 19 வில்வினாடி. அங்கே இருந்த ஃபிராங்க்ளின் ஆடம்ஸ் கேமராவின் தட்டில் 1 மில்லிமீட்டருக்கு 3 கலை, அதாவது 180 வில்வினாடி அடங்கும். அப்படியென்றால் அந்த விண்மீன் தட்டில் நகர்ந்தது பத்தில் ஒரு மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனம். அத்தனை விண்மீன் பொட்டுகளுக்கு நடுவே அதைப் பிடித்தவர் அவர்.

சிறுகோள் பிடிப்பதும் இதே வித்தைதான், ஐந்தாண்டுக்குப் பதில் ஒரு மணி நேர இடைவெளி போதும். தென்னாப்பிரிக்காவின் முதல் சிறுகோள் 715 டிரான்ஸ்வாலியா. 1911இல் அதே குன்றிலிருந்து ஹாரி வுட் கண்டுபிடித்தார். பிறகு சிரில் ஜாக்சன் அங்கிருந்து 72 சிறுகோள் கண்டார். புரூவர் கண்டவை நான்குதான், ஆனால் அவற்றில் மூன்று இன்னெஸ், வுட், ஃபின்சென் என்று அந்த ஆய்வகத்தின் தலைவர்கள் பெயரைத் தாங்கியிருக்கின்றன. இன்னொரு தலைவரான வான் டென் போஸுக்கு வுட் கண்ட கல் போயிற்று. புரூவருக்கும் பிறகு 1811 புரூவர் என்று ஒன்று வந்தது.

உம்கேனிக்கரை எழுதியது:

டர்பனில் இருந்து 8 அங்குலத்துக்கு எட்டுமா என்றால், கேமராவுக்கு எட்டும். கண்ணுக்குக் கஷ்டம்.

கணக்கு இது: கல்லின் விட்டம் சுமார் 14 கி.மீ., பாறை வகை. அந்த வகைக்குரிய வெண்மையை வைத்துப் பார்த்தால் அறுதிப் பொலிவெண் (சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் 1 வானியல் அலகில் இருந்தால் தெரியும் பொலிவு) 11.5ஐ ஒட்டி வரும். சூரியனுக்கு அண்மையில் இருக்கும்போதே எதிர்நிலையும் (நம் வானில் சூரியனுக்கு நேர் எதிரே வருவது) அமைந்தால் சூரியனிலிருந்து 2.10, நம்மிடமிருந்து 1.10. பொலிவெண் 13.3 அளவு. சேய்மையில் எதிர்நிலை வந்தால் 15.4. ஊர் வெளிச்சத்தில் 8 அங்குலக் கண்ணாடி வழியே கண்ணால் 13.3 பார்ப்பது நடக்காத காரியம். 60 விநாடி எக்ஸ்போஷரில் இரண்டுமே பதியும், 15.4க்கு மட்டும் பத்துப் படத்தை நகர்வுக்கேற்ப அடுக்கிப் பார்க்க வேண்டும்.

எதிர்நிலை 483 நாளுக்கு ஒருமுறை, பதினாறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சமயத்தில் அது மேற்கே மணிக்கு ஏறத்தாழ 35 வில்வினாடி நகரும். அண்மையில் இருந்தாலும் சேய்மையில் இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. கிட்டே வரும்போது அதுவும் வேகமாக ஓடுவதால் பூமிக்கும் அதற்கும் உள்ள வேக வித்தியாசம் குறைகிறது, தூரமும் குறைகிறது, இரண்டும் ஈடாகிவிடும். 60 விநாடியில் 0.6 வில்வினாடி நகர்வு. 1000 மி.மீ. குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் என்றால் ஒரு பிக்சல் 0.78 வில்வினாடி. ஆகவே 60 விநாடிவரை கோடாக இழுபடாது, பொட்டாகவே நிற்கும். 3 நிமிடம் திறந்து வைத்தால் 1.8 வில்வினாடி இழுபடும், மையம் அளப்பது கெடும்.

ஒரு படம் எடுத்துவிட்டு எந்தப் பொட்டு என்று தேடாதீர்கள். 20 நிமிட இடைவெளியில் மூன்று தொகுதி எடுங்கள். 12 வில்வினாடி வீதம் நகரும் பொட்டு ஒன்றுதான் இருக்கும். மூன்றிலும் ஒரே நேர்கோட்டில், ஒரே தூரம் தள்ளியிருக்க வேண்டும். இரண்டு தொகுதியோடு நிறுத்தினால் காஸ்மிக் கதிர்ப் பொட்டும் சூடான பிக்சலும் சேர்ந்து ஏமாற்றும்.

இங்கே கவனிக்க வேண்டியவை: கடற்கரை ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் கண்ணாடி பனிக்கும், ஆகவே டியூ ஹீட்டர் கட்டாயம். லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் தொலைநோக்கியைத் திருப்பும் மவுண்ட் இடத்தை மறந்துவிடும், தனி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். இணையம் துண்டித்தால் மடிக்கணினிக் கடிகாரம் மெல்ல நழுவும், ஜிபிஎஸ் நேரம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பருவமும் முக்கியம். ஆனி, ஆடியில் எதிர்நிலை வந்தால் சிறுகோள் தனுசுப் பக்கம், தெற்கே 22, 23 பாகையில் நிற்கும். டர்பன் 30 பாகைத் தெற்கு, ஜோகன்னஸ்பர்க் 26. ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே வரும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்டு மேட்டுநிலத்தில் அது வறண்ட குளிர்காலம், இரவும் நீளம். 1953 ஜூலையில் அந்தக் குன்றில் தேடியதற்குக் காலமும் இடமும் கைகொடுத்திருக்கின்றன. பாதகமும் உண்டு: தனுசு பால்வீதியின் நெரிசலான இடம். பக்கத்து விண்மீனோடு பொட்டு ஒட்டிக்கொண்டால் அளவு கெட்டுவிடும். அப்போது அரை மணி காத்திருந்து அது விலகியபின் அளப்பதே சரி.

மரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

மிக்க நன்றி. அண்மைப்புள்ளியைக் கடந்து கால் சுற்று நேரம், அதாவது 374 நாள் ஆனபின் சூரியனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கெப்ளர் சமன்பாட்டில் (நேரத்திலிருந்து பாதையில் உள்ள இடத்தைத் தருவது) போட்டுப் பார்த்தேன். 2.561 வந்தது. ஆனால் ஒரு மென்பொருள் 2.64 காட்டுகிறது. எங்கே பிசகு?

வரைதாள் எழுதியது:

பாகையையும் ரேடியனையும் கலந்துவிட்டீர்கள். இந்தக் கணக்கில் இதைவிட அடிக்கடி நேரும் தவறு வேறில்லை.

கால் சுற்று நேரம் என்றால் சராசரிக் கோணம் (வேகம் மாறாமல் ஓடினால் கடந்திருக்கும் கோணம்) 90 பாகை. நீங்கள் 90 + 0.18 = 90.18 என்று போட்டிருப்பீர்கள். அந்த 0.18 ரேடியன். பாகையாக்க 57.3ஆல் பெருக்கினால் 10.31. இப்போது படிப்படியாகப் போடுங்கள். முதல் சுற்று: 90 + 10.31 × சைன் 90 = 100.31. அந்த 100.31இன் சைனை எடுத்து மறுபடி: 90 + 10.31 × 0.984 = 100.15. மூன்றாம் முறையும் 100.15. நின்றுவிட்டது. மையப்பிறழ்ச்சி 0.18 என்பதால் மூன்றே சுற்றில் அடங்கும், 0.9 போன்ற வால்மீன் பாதைக்கு இப்படி அடங்காது, வேறு முறை வேண்டும்.

தூரம் = 2.56 × (1 − 0.18 × கொசைன் 100.15). கொசைன் −0.176. ஆகவே 2.56 × 1.0317 = 2.64. மென்பொருள் சரி. உங்கள் பிசகு 0.08 வானியல் அலகு, 1 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர்.

சூரியனிடமிருந்து பார்க்கும் உண்மைக் கோணம் 110.2 பாகை. கால்வாசி நேரத்தில் கால் வட்டத்துக்கு மேல், இன்னும் 20 பாகை கூடுதலாகவே ஓடியிருக்கிறது. அண்மையில் வேகம் அதிகம் என்பதற்கு இதுதான் கணக்கு.

பூமியிலிருந்து பார்க்கும் இடத்தைக் கணிக்கும்போது ஒளி வந்து சேரும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். 1.1 வானியல் அலகிலிருந்து ஒளி வர 9 நிமிடம். அதற்குள் கல் 12,000 கி.மீ. ஓடிவிடும், வானில் அது 15 வில்வினாடி. கணிப்பு கொஞ்சம் தள்ளி வருகிறது என்பவர்களில் பாதிப்பேர் இதை விட்டவர்கள்.

லெனேசியா 26 தெற்கு எழுதியது:

தெற்குச்சிலுவை ஐயா எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிராக்சிமாவைக் கண்டவர் இன்னெஸ், அதில் சந்தேகமில்லை. 1917இல் அந்தப் பெயரை முன்மொழிந்தவரும் அவரே. பிராக்சிமா என்றால் மிக அருகில் என்று பொருள். ஆனால் அதுதான் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் என்று அடித்துச் சொல்ல அன்று அவரிடம் இருந்த இடமாறு தோற்ற அளவுகள் (பார்க்கும் இடம் மாறும்போது தெரியும் நகர்வை வைத்துத் தூரம் காண்பவை) போதாதவை. அதே காலத்தில் கேப்பில் வூட் (Voûte, ஹாரி வுட் அல்ல) என்ற டச்சு வானியலாளரும் அளந்தார். ஆல்பா சென்டாரியைவிட அது அருகில் இருக்கிறது என்பதை நம்பகமாக நிலைநாட்டியது 1928இல் ஆல்டன் செய்த அளவு. அதுவும் ஜோகன்னஸ்பர்க்கில்தான், யேல் பல்கலைக்கழகத்தின் தென்நிலையத்தில். பெயர் சரியாக அமைந்துவிட்டது என்பதால், சான்றும் அன்றே இருந்தது என்று எழுதிவிடக்கூடாது.

தெற்குச்சிலுவை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி, நல்ல திருத்தம். கண்டது ஒருவர், உறுதிசெய்தது இன்னொருவர். இரண்டையும் தனித்தனியாகவே சொல்ல வேண்டும்.

ஆனால் இன்னெஸின் பெருமை அந்த ஒரு விண்மீனில் அடங்குவதில்லை. இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்துவது அவருடைய பாதைக் கணிதம். இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றதைச் சுற்றும் நீள்வட்டத்தை நாம் சாய்வாகவே பார்க்கிறோம். சாய்வு, கணு, அண்மைப்புள்ளிக் கோணம், அச்சின் நீளம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் நேரடியாகப் பிரிப்பது சிரமம். டென்மார்க்கின் தீலே தொடங்கிய முறையை இன்னெஸ் 1926இல் செப்பம் செய்தார். அந்த நான்குக்கும் பதிலாக ஏ, பி, எஃப், ஜி என நான்கு மாறிலிகள். சுற்றுக்காலம், மையப்பிறழ்ச்சி, அண்மைப்புள்ளியைக் கடந்த நாள் ஆகிய மூன்றையும் ஊகித்துக்கொண்டால், வானில் தெரியும் இடத்துக்கும் அந்த நான்கு மாறிலிகளுக்கும் இடையே வெறும் பெருக்கல் கூட்டல்தான் மிஞ்சும். அளவுகளோடு பொருத்துவது மிக எளிதாகிவிடும். பிறகு மாறிலிகளிலிருந்து சாய்வையும் கணுவையும் பிரித்தெடுத்துக்கொள்ளலாம்.

தீலே இன்னெஸ் மாறிலிகள் என்று இன்றும் அதற்குப் பெயர். காயா விண்கலம் 2022இல் வெளியிட்ட இரட்டை விண்மீன் பாதைகள் அந்த மாறிலிகளாகவே தரப்பட்டுள்ளன. சிறுகோள் பாதையை விண்வெளியில் நிறுத்தப் பயன்படுத்தும் இரு திசையன்களும் இதே எண்ணத்தின் உடன்பிறப்புகள். பாதைகளைக் கணித்த மனிதரின் பெயரையே ஒரு பாதையில் ஓடும் கல்லுக்கு வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கேட்ட 26½ அங்குலத் தொலைநோக்கிக்கு 1909இல் ஆர்டர் போட்டார்கள். போர் குறுக்கிட்டு அது வந்து நின்றது 1925இல். 1927இல் அவர் ஓய்வு பெற்றார். அந்தப் பெரிய கண்ணாடி அவர் கையில் இருந்தது இரண்டே ஆண்டு. மேலே சொன்ன கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னால் சிறிய கருவிகளில் நடந்தவை.

உம்கேனிக்கரை எழுதியது:

படம் எடுத்தபின் அளவை அனுப்புவது பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

அளந்த இடத்துக்கும் கணித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருள் காட்டும். அந்த எண் பெரிதா சிறிதா என்று மட்டும் பார்க்காமல், எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். நகரும் திசையிலேயே பிசகு முழுவதும் விழுந்தால் நேரத்தில் தவறு. நகர்வுக்குக் குறுக்கே விழுந்தால் விண்மீன் பொருத்தத்தில் தவறு, அல்லது பக்கத்து விண்மீனின் ஒளி கலந்திருக்கிறது.

நம் நாட்டில் அடிக்கடி வருவது, கிழக்கே 70 வில்வினாடி. அந்த எண்ணைப் பார்த்த உடனே காரணம் சொல்லிவிடலாம்: உலகப் பொது நேரத்துக்குப் பதில் நம் நேரத்தைப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம், மணிக்கு 35. படத்தின் தொடக்க நேரத்தைப் போட்டால் 60 விநாடிப் படத்தில் 0.3 வில்வினாடி பிசகும், நடுநேரம்தான் போட வேண்டும். வளையத்துச் சிறுகோளுக்கு ஒரு விநாடிப் பிசகு நூறில் ஒரு வில்வினாடிதான், யாருக்கும் தெரியாது. பூமிக்கு அருகில் ஓடும் கல்லுக்கு அதே ஒரு விநாடி அளவையே கெடுத்துவிடும். ஆகவே பழக்கத்தை இன்னெஸ் போன்ற மெதுவான கல்லிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

5 முதல் 8 வில்வினாடிவரை பிசகு, அதுவும் இரவு ஏற ஏற மாறிக்கொண்டே போனால், இடத்தைக் கொடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது கிழக்குத் தீர்க்கரேகையை மேற்கு என்று போட்டிருப்பீர்கள். 1.1 வானியல் அலகில் பூமியின் ஆரம் 8 வில்வினாடி இடமாறு தோற்றம் காட்டும்.

உலகெங்கும் எடுத்த சிறுகோள் அளவுகளைத் திரட்டும் சிறுகோள் மையத்திடம் நிலையக் குறியீடு வாங்க, எண் பெற்ற சிறுகோள்கள் சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அளந்து அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் 078 என்பது ஜோகன்னஸ்பர்க், 081 நெதர்லாந்தின் லைடன் வானாய்வகம் அங்கே வைத்திருந்த நிலையம், எம்22 சதர்லாண்டில் உள்ள அட்லஸ் என்ற சிறுகோள் தேடும் தொலைநோக்கி.

ஒளி வளைவரை (நேரத்தோடு பொலிவு மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுக்க விரும்புபவர்களுக்கும் இன்னெஸ் நல்ல தேர்வு. அது தன்னைத்தானே சுற்ற 3.19 மணி, பொலிவு மாற்றம் 0.2க்குச் சற்று மேல். குளிர்கால இரவு ஒன்றிலேயே மூன்று சுற்று கிடைக்கும். நீளமான கல் ஒரு சுற்றில் இரண்டு முறை பளிச்சென்று தெரியும், ஆகவே உச்சத்துக்கு உச்சம் 1.6 மணி. அதையே சுழற்சிக் காலம் என்று எழுதிவிடாதீர்கள். இதோடு ஒப்பிட 1663 வான் டென் போஸை எடுக்காதீர்கள். அது ஒருமுறை சுழல 740 மணி, அதாவது ஒரு மாதம்.

லெனேசியா 26 தெற்கு எழுதியது:

எண் தலைகீழ் பற்றிய கேள்வி விடுபட்டுப்போனது. எண் கொடுப்பது கண்ட தேதியை வைத்தல்ல, பாதை உறுதியான வரிசையில். ஒரு கல்லை ஓர் இரவு பார்த்தால் தற்காலிகப் பெயர் மட்டும். 1953 என்ஏ என்பதில் என் என்றால் ஜூலை முதல் பாதி, ஏ என்றால் அந்த அரைமாதத்தில் முதலாவது. ஐ எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அரைமாதத்துக்கும் ஓர் எழுத்து. 1660 வுட் ஏப்ரல் 7இல் கண்டது, அதனால் 1953 ஜிஏ. ஏப்ரலில் கண்டதற்கு 1660, ஜூலையில் கண்டதற்கு 1658, 1926இல் கண்டதற்கு 1663. பாதை தேறிய பின்னர்தான் எண், எண் வந்த பின்னர்தான் பெயர்.

தேறுவது என்றால் என்ன? ஒவ்வோர் அளவும் இரண்டு கோணம் தரும், தேவை ஆறு எண், ஆகவே மூன்று அளவு போதும் என்பது கணிதம். 1801இல் முதல் சிறுகோளான சீரீஸைத் தொலைத்தபின் கணிதவியலாளர் காஸ் அப்படித்தான் மீட்டார். ஆனால் சில நாள் மட்டும் பார்த்த சிறு வில்லிலிருந்து பெற்ற பாதை, பதினாறு மாதம் கழித்து வரும் அடுத்த எதிர்நிலைக்குள் பல பாகை தள்ளிப்போகும். ஆகவே வளையத்துக் கல்லுக்குப் பொதுவாக நான்கு எதிர்நிலைகளாவது பார்த்த பிறகே எண். 483 நாள் வீதம் நான்கு எதிர்நிலைக்கு நான்கு வருஷத்துக்குப் பக்கம் ஆகும், பழைய தட்டுகளில் தற்செயலாகப் பதிந்திருந்தால் சீக்கிரம் முடியும்.

பெயர் பெற்றவர் எல்லோரும் வானியலாளர் அல்ல. அதே ஜோகன்னஸ்பர்க்கில் லைடன் நிலையத்திலிருந்து வானியலாளர் ஹெர்ட்ஸ்பிரங் 1929இல் கண்ட 1627க்கு ஐவார் என்று தன் சகோதரர் பெயரை வைத்தார். அதன் பாதை முற்றிலும் வேறு: 1.86 வானியல் அலகு, மையப்பிறழ்ச்சி 0.40, அண்மையில் 1.12 வரை வரும், பூமியின் பாதைக்கு வெளிக்கரை. 1985இல் அரெசிபோ ரேடார் அதை எட்டிப் பிடித்தது.

மரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

நம்மவர் பெயரில் 4130 ராமானுஜன் இருக்கிறதே, அது எப்படி வந்தது? தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் பெயரை வைக்க யாரிடம் கேட்க வேண்டும்? தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துத்தான் கேட்கிறேன்.

லெனேசியா 26 தெற்கு எழுதியது:

4130ஐ 1988 பிப்ரவரி 17இல் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டார். கண்டவருக்கே பெயர் முன்மொழியும் உரிமை, எண் கிடைத்ததிலிருந்து பத்தாண்டு. வெளியாள் நேரே மனுப்போட முடியாது. கண்டவரிடம் அல்லது கண்ட குழுவிடம் கேட்டு அவர்கள் முன்மொழிய வேண்டும். உலக வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழு வாக்களித்து முடிவு செய்யும். பெயரைக் காசுக்குத் தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், சிறுகோள் பெயர் விற்பனைக்கு இல்லை.

வள்ளியம்மை பற்றிய யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, விதிகளோடு ஒத்துப்பார்த்தேன். அரசியல் அல்லது படைத்துறைச் செயலுக்காக அறியப்பட்டவர் என்றால் இறந்து நூறாண்டு ஆகியிருக்க வேண்டும். அவர் 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, மரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் இறந்தார். அந்த நூறாண்டு 2014இலேயே முடிந்துவிட்டது. நீளம் ரோமன் எழுத்தில் பதினாறுக்குள், முடிந்தால் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயரையும் சேர்த்தால் 22 ஆகிவிடும், நிற்காது. வள்ளியம்மை என்று மட்டும் எழுதினால் பத்து எழுத்து. ஏற்கனவே உள்ள சிறுகோள் பெயரோடு குழம்புகிறதா என்று சிறுகோள் மையத்தின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். கூடவே அவர் யார் என்று மூன்று நான்கு வரியில் ஆங்கிலக் குறிப்பும் வேண்டும், பிறப்பு இறப்பு ஆண்டுகளோடு.

தெற்குச்சிலுவை எழுதியது:

அவர் அடக்கமாகியிருப்பது பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில், இன்னெஸ் வேலை செய்த அதே ஜோகன்னஸ்பர்க்கில். அவர் இறந்த மறுவருடம்தான் பிராக்சிமா கிடைத்தது. குறிப்பின் தமிழ் வடிவத்தை நான் எழுதித் தருகிறேன் அம்மா, நீங்கள் ஆங்கிலத்தில் ஆக்குங்கள். எண் பெற்றும் பெயர் வைக்காமல் இருக்கும் கற்களில் சதர்லாண்டிலோ வேறு தென்னாப்பிரிக்க நிலையத்திலோ கண்டவை எவை என்று வரைதாள் பார்த்துச் சொல்லட்டும்.

வரைதாள் எழுதியது:

பார்க்கிறேன். பட்டியலில் எம்22 என்று வடிகட்டி, எண் உள்ளவை, பெயர் இல்லாதவை என்று எடுத்தால் போதும். கிடைத்ததும் ஒவ்வொன்றின் பாதையையும் இங்கேயே போடுகிறேன், எதிர்நிலைத் தேதிகளோடு.